வலது மேல் மூலை

விடைத்தாளை நூலால் கட்டிக் கொடுத்துவிட்டுப்
பொகவந்தலாவைச் சந்தியில்
பேக்கரித் தகரத்தின் கீழ் ஒதுங்கினோம், ஐந்து பேர்.
மூன்றே காலுக்கு வர வேண்டிய பஸ்
மழையில் எங்கேயோ நின்றது.
வினாத்தாள் மட்டும் எங்களோடு வந்திருந்தது,
நாலாய் மடித்து
டிலக்சனாவின் வெள்ளைச் சட்டைக்குள், நனையாமல்.

"பதினேழு?"
"மூணு."
"ஐயோ, நான் ரெண்டு."

ஒவ்வொரு மாணவனும் வந்தானா, வந்தார்களா?
ரெஜினா 'வந்தார்கள்' போட்டிருந்தாள்.
"ஒரே ஆள் வந்தா அது என்னா பள்ளிக்கூடம்?"
சிரித்தோம்.
சிரித்தபடியே அவளுக்கு ஒரு புள்ளி குறைத்தோம்.

இருபத்தொன்பது. பிழையானதைத் தெரிவு செய்க:
எனது புத்தகம். எனது வீடு.
எனது அம்மா. எனது ஊர்.

அம்மாதான் பிழை.
ஆளைச் சொல்ல 'என்' போதும்,
உடைமைக்குத்தான் 'எனது' என்று
ஆறாம் வேற்றுமையை
மாலுபாண் அடைத்த வாயோடு விளக்கினான் மோகனதாஸ்.
நான் புள்ளடி போட்டது வீட்டுக்கு.

"ஏன்டி?"
தெரியாது என்றேன்.
கூரைக்குப் புதுத் தகரம் போட அனுமதி கேட்டு
அப்பா நாலு தடவை
தோட்டத்து ஆபீஸ் வாசலில் நின்றது
அந்த நேரம் பார்த்து மண்டைக்குள் வந்தது,
அதைப் போய் எப்படிச் சொல்ல?
"இலக்கணப்படி வீடு சரி," என்றான் மோகனதாஸ்,
"தோட்டத்துல கேட்டாத்தான் பிழை."
மீன் துண்டு ஒன்று பல்லில் சிக்கியிருந்தது அவனுக்கு.

பிறகு இரண்டாம் பத்திரம். கடிதம்.
பிரதேச சபைத் தவிசாளர் அவர்களுக்கு:
எமது வீதியில் விளக்குகள் எரிவதில்லை.

எங்கள் பிரிவில் வீதியே இல்லை.
ஆகவே ஆளுக்கொரு வீதி போட்டிருந்தோம்.
நான் ஆறு கம்பம் நட்டு ஆறையும் அணைத்தேன்.
ரெஜினா பதினொன்று.
சிவசோதி ஒரு கிழவரைப் பள்ளத்தில் விழுத்தி
காலையும் முறித்திருந்தான், புள்ளிக்காக.

"மேல, வலது மூலையில, முகவரி என்னா போட்ட?"
இல. 14, கோயில் வீதி.
இல. 27/ஏ, பிரதான வீதி.
இல. 9, நூலக வீதி.
இல. 3, ரோசா ஒழுங்கை. இது ரெஜினா.
ஒழுங்கை என்றால் என்னவென்று அவளுக்கே தெரியாது,
யாழ்ப்பாணத்து மாதிரி வினாத்தாளில் பார்த்தாளாம்.
எண்ணைச் சொல்லும்போது
எல்லோர் குரலிலும் கொஞ்சம் மிடுக்கு.

டிலக்சனா பேசவில்லை.
"நீ?"
"ஆறாம் லயம், மூணாம் காம்பரா,
பனிச்சமலை மேற்பிரிவு."

"சொந்த விலாசமா! எழுதக் கூடாதேடி!"
வினாத்தாளை வாங்கி விரித்தோம்.
தடித்த எழுத்தில் இருந்தது:
உமது உண்மையான பெயரையோ முகவரியையோ எழுதலாகாது.

ரெண்டு புள்ளி போச்சு என்றாள் ரெஜினா.
கடிதமே போச்சு என்றான் சிவசோதி.
தாளையே ரத்துச் செய்வார்கள்,
அவன் மாமா மகனுக்கு அப்படித்தான் ஆனதாம்.
அந்த மாமா மகன் எட்டாம் வகுப்போடு நின்றவன்,
அதை யாரும் ஞாபகப்படுத்தவில்லை.

ஈரச் சப்பாத்தைப் பார்த்தபடி
டிலக்சனா மெதுவாகச் சொன்னாள்:
"அது விலாசம்னு நான் நெனைக்கல.
அங்க ஒரு கடுதாசியும் வந்ததில்ல.
எல்லாம் ஆபீசுக்குத்தானே வருது.
நம்பர் இல்ல, ரோடு இல்ல.
பொய்யா ஒண்ணு எழுதுறதா நெனைச்சுத்தான்
எழுதினேன்."

தகரத்தில் மழை.
முப்பதாம் வினாவை யாரும் கேட்கவில்லை.

நாலேகாலுக்குப் பஸ் வந்தது.
முன்கண்ணாடிப் பலகையில் பெயின்டில்
பணிச்சமலை.
ஐந்து பேரும் பார்த்தோம், அந்த மூன்று சுழியை.
மோகனதாஸ்கூட வாயைத் திறக்கவில்லை.
"மேல்பிரிவு, மேல்பிரிவு, ஏறு ஏறு" என்று
கண்டக்டர் தட்டுகிறான்.
டிலக்சனா வினாத்தாளை மடித்து
மறுபடி சட்டைக்குள் வைத்துக்கொண்டாள்.
நாளை கணக்கு.